ஓடாத வண்டிக்கு விலை பேசாதவர்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன தை மாதம் ஒரு மதியம், ரசத்தை ஊற்றிக்கொண்டே ஈஸ்வரி சித்தி சொன்னார்: "இத்தோட நாலு."

நான் சிரித்துவிட்டேன். சித்தப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை. சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன், அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாரே தவிர ஒரு வாய்கூட எடுக்கவில்லை.

நாலு என்றால் நாலு பழைய வண்டிகள். அழகுராஜா சித்தப்பா ஆசைப்பட்டு, கைக்கெட்டும் தூரம் வரை போய், வாங்காமல் திரும்பியவை. அந்தச் சிரிப்புக்குப் பரிகாரமாக அவரைப் பற்றி ஒரு கதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் வந்த வரி இது:

[அதிகாலை முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. அழகுராஜா தன் கோட்டுக் காலரை உயர்த்திவிட்டுக்கொண்டு]

நிறுத்திவிட்டேன். நான் படிப்பதெல்லாம் எங்கெங்கிருந்தோ தமிழுக்கு வந்து சேர்ந்த நாவல்கள். அவற்றில் பனி விழாத அத்தியாயம் குறைவு. காரைக்குடியில் கோட்டு போடுகிறவர் கல்யாண மாப்பிள்ளை ஒருவர்தான், அதுவும் வரவேற்பு முடிகிற வரைக்கும்.

இரண்டாவது முயற்சி:

[அழகுராஜாவின் தந்தை ஒரு பெரிய வீட்டில் கார் ஓட்டியவர். சாகும் தறுவாயில் மகனை அருகில் அழைத்து]

இதைச் சித்தப்பாவிடமே படித்துக் காட்டினேன்.

"உங்க தாத்தா மாட்டுவண்டியவே நேரா ஓட்ட மாட்டாரு," என்றார். "ஏன் ஆத்தா, ஒருத்தனுக்குக் காரு புடிக்கணும்னா அப்பன் சாகணுமா?"

ஆகவே காரணம் எதுவும் கிடையாது. அவருக்குப் பழைய கார்கள் பிடிக்கும். ஒன்றாவது தன் வாசலில் நிற்க வேண்டும் என்று ஆசை. வாசகர் இதை இப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

2

பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவருடைய ஒர்க் ஷாப் இருக்கிறது. தகரக் கூரை, இரண்டு வண்டி நிற்க இடம், ஒரு வேப்பமரம். வேலையில் கெட்டிக்காரர். வாங்குவதில்தான் கோளாறு. அதற்குக் காரணம் அவரிடம் இருக்கும் ஒரு பழக்கம்: ஓடாத வண்டிக்கு அவர் விலை பேச மாட்டார். முதலில் அதை ஓட வைக்க வேண்டும். ஓடவிட்டுக் காட்ட வேண்டும். பிறகுதான் விலை.

"மயங்கிக் கெடக்கிறவக கழுத்துல கெடக்கிற சங்கிலிய எடை போட்டுப் பாக்கலாமா?" என்பார். "எந்திரிச்சு உக்காரட்டும். அப்புறம் கேப்போம்."

எழுந்து உட்கார்ந்த வண்டியை யார் விற்பார்கள்? இந்தக் கேள்வி ஊரில் எல்லாருக்கும் தோன்றியிருக்கிறது, அவரைத் தவிர.

முதலாவது, திருப்பத்தூர் உதயகுமார் வாத்தியாரின் பியட். எட்டு வருடமாக நின்றது. "எடுத்துட்டுப் போயிருங்க, எடத்த அடைக்குது," என்று வாத்தியாரே கூப்பிட்டார். சித்தப்பா நாலு ஞாயிற்றுக்கிழமை போய் அதைச் சரிசெய்தார். ஐந்தாவது ஞாயிறு விலை பேசப் போனால் வாத்தியார் வீட்டில் இல்லை. குடும்பத்தோடு அதே காரில் பிள்ளையார்பட்டிக்குப் போயிருந்தார்.

இரண்டாவது, காளையார்கோவில் மாயக்கண்ணனின் ஹெரால்டு. வைக்கோல் போருக்கு அடியில் கிடந்தது. சித்தப்பா கைபட்டு அது உறுமிய வாரத்தில் மாயக்கண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் அழைப்புக்கு அந்தக் காரில்தான் போனார்கள். ராசியான வண்டி என்று ஆகிவிட்டது. ராசியை யார் விற்பார்கள்?

மூன்றாவதைப் பற்றி எழுத வேண்டாம் என்று சித்தப்பா கேட்டுக்கொண்டார். (அது ஒரு ஜீப் என்று மட்டும் சொல்லலாமா? சொல்லிவிட்டேன்.)

3

நாலாவதுதான் கதை.

வலையபட்டியில் ஒரு பெரிய வீட்டுக் கொட்டகையில் சாம்பல் நிற மோரிஸ் மைனர் ஒன்று முப்பத்தைந்து வருடமாக நின்றது. அந்த வீட்டுக்குப் பதினோரு பங்கு. காருக்கும் அதே பதினோரு பங்கு. "சக்கரத்துக்கு ரெண்டே முக்கால் பங்காளி வருது," என்று சித்தப்பா கணக்குப் போட்டுச் சிரித்தார். பதினோரு பங்கில் ஊரோடு இருப்பவர் வள்ளியப்பன் ஒருவர்தான். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரும் அவரே.

"ஒருத்தர் கோலாலம்பூர்ல இருக்காக, ஒருத்தர் மெட்ராஸ்ல இருக்காக," என்றார் வள்ளியப்பன். "போன்ல கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுவாக தம்பி. படைப்பு அன்னைக்கு வாங்க. ஒரே வார்த்தைல முடிச்சிரலாம்."

படைப்பு என்பது அந்த வீட்டு முன்னோர்களுக்குப் படையல் போடுகிற நாள். பங்காளிகள் எந்த நாட்டில் இருந்தாலும் அன்றைக்கு வந்துவிடுவார்கள்.*

* நான் படிக்கும் நாவல்களில் இதற்கு ஈடாக உயில் வாசிக்கும் காட்சி வரும். ஆனால் அங்கே சாப்பாடு இவ்வளவு நன்றாக இருக்காது.

ஈஸ்வரி சித்தி இந்த முறை விடவில்லை.

"ஸ்பேனரத் தொடாமக் கேளுங்க. இந்த ஒரே ஒரு தடவ."

"தொடல."

"எம்மேல சத்தியம் பண்ணுங்க."

"காருக்கெல்லாமா சத்தியம் பண்ணுவாக?"

"அப்பத் தொடுவீக."

"சரி, விலை பேசாம எஞ்சினை ஸ்டார்ட் பண்ண மாட்டேன். போதுமா?"

சித்தி போதும் என்றார். அங்கேதான் ஓட்டை விழுந்தது.

படைப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது வள்ளியப்பன் போன் செய்தார். கொட்டகையில் அடுப்புப் போட வேண்டும், காரை வெளியே தள்ளித் தர முடியுமா? சித்தப்பா போனார். சக்கரம் உருளவில்லை. துருவில் பிரேக் பிடித்திருந்தது. பிரேக்கைக் கழற்றினால்தான் தள்ள முடியும். பிரேக்கைத் தொடுவது வண்டியைத் தொடுவது ஆகாது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தள்ளும்போது பானெட்டுக்குள் ஏதோ சலசலத்தது. திறந்து பார்த்தால் எலிக்கூடு. கூட்டை எடுத்தால் அதற்கடியில் கடித்துப் போட்ட ஒயர். ஒயரை மாற்றுகிற கையோடு பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். துடைத்தவற்றை ஒரு தடவை ஊதிப் பார்த்தார். பெட்ரோல் டேங்கில் துரு. கார்புரேட்டரில் கோந்து மாதிரி ஏதோ. மூன்று வாரமும் அந்தி சாயும்வரை வலையபட்டியில்தான் இருந்தார். சித்தியிடம் "ஆறாவயல்ல ஒரு டிராக்டர்" என்றார்.

ஆனால் எஞ்சினை ஒருதடவைகூட ஸ்டார்ட் பண்ணவில்லை. வாக்கு வாக்குதான். எல்லாம் தயார், சுற்றிவிட வேண்டியது மட்டும் பாக்கி. ஆசையைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு படைப்பு நாளுக்காகக் காத்திருந்தார்.

4

படைப்பு அன்று நானும் கூடப் போனேன். உள்ளே படையல் முடியும்வரை வெளியாட்கள் வாசலில் நின்றோம். சித்தப்பா அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டை. காரைப் பார்க்கக் கூடாது என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், பெண் பார்க்கப் போன இடத்தில் கூச்சப்படுகிற மாப்பிள்ளை போல.

நண்பகலுக்கு வள்ளியப்பன் வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க தம்பி. பதினோரு பேரும் சரின்னுட்டாக. ஒரு முணுமுணுப்பு இல்ல."

வாசகரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கே இங்கே நிற்கப் பிடித்திருக்கிறது. நடந்ததைத் தெரிந்துகொண்டு எழுதுகிறவளுக்கு இருக்கும் ஒரே சலுகை, தான் விரும்புகிற நொடியில் கதையை நிறுத்தி வைப்பது. இந்த நொடியில் அந்தக் கார் சித்தப்பாவுடையது. ஒரு தொகையைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"என்ன வெல சொல்றீக?" என்றார் வள்ளியப்பன்.

சித்தப்பா வாயைத் திறந்தார். அதற்குள் பங்காளிகளில் ஒருவர் நல்ல மனத்தோடு சொன்னார்: "பழைய இரும்புதானே வள்ளியப்பா. ஓடவா போகுது? குடுக்கிறத வாங்கிக்க."

சித்தப்பா வாயை மூடினார். காரைத் திரும்பிப் பார்த்தார். தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"இல்லங்க," என்றார். "ஓடும்."

5

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எழுத வருத்தமாக இருக்கிறது.

முன்னால் ஹேண்டிலைச் செருகி ஒரு சுற்று. ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்று. பின்பக்கம் கரும்புகையைக் கக்கிவிட்டு வண்டி சளசளவென்று பேச ஆரம்பித்தது. கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த தீக்ஷா என்ற கல்லூரிப் பெண்தான் முதலில் ஏறினாள். அவளுக்குப் பின்னால் ஐந்து பேர். வீட்டைச் சுற்றிய முதல் சுற்றுக்குச் சித்தப்பா ஓட்டினார். இரண்டாவது சுற்றுக்கு யார் முன்னால் உட்காருவது என்று பங்காளிகளுக்குள் தள்ளுமுள்ளு. நாற்பது வருடமாகப் பேசிக்கொள்ளாத இருவர் பின்சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக வள்ளியப்பன் பிற்பாடு சொன்னார்.

மூன்றாவது சுற்று முடிந்து இறங்கியதும் மூத்த பங்கான மஹாலட்சுமி ஆச்சி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ஓடாதுன்னுதானே குடுக்கச் சம்மதிச்சோம். ஓடுற வண்டிய எதுக்குக் குடுக்கணும்?"

வள்ளியப்பனுக்கு முகம் செத்துவிட்டது.

"தம்பி, நா வாக்குக் குடுத்துட்டேனே..."

"விலையே பேசலயேண்ணே. அதுக்குள்ள என்ன வாக்கு?" என்றார் சித்தப்பா. ஸ்டியரிங்கைத் துண்டால் ஒருமுறை துடைத்தார். ஏற்கெனவே துடைத்ததுதான். சாவியைக் கொடுத்தார்.

சாப்பிடாமல் விடமாட்டோம் என்று பிடித்து முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். திரும்பும்போது பேருந்தில் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்: "ஹேண்டில் போட்டு ரெண்டாவது சுத்துலயே எடுத்துருச்சு, பாத்தியா?" பிறகு காரைக்குடி வரும்வரை ஜன்னல் பக்கமே முகம்.

6

இங்கே எனக்குப் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு நேர்மையானவரைக் கதையில் யாராவது நம்புவார்களா? ஒரு குறையையாவது வைக்க வேண்டாமா?

[உண்மையில் அழகுராஜா எந்தக் காரையும் விரும்பவில்லை. இழப்பதைத்தான் அவர் ரகசியமாக]

இது நாவல்களில் நன்றாக இருக்கும். ஆனால் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு அந்தக் கார் வேண்டும். நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"ஏன் சித்தப்பா 'ஓடும்'னு சொன்னீக?"

"ஓடுமே."

"பேசாம இருந்திருக்கலாம்ல?"

"பேசாமத்தான் இருக்கணும்னு போனேன் ஆத்தா," என்றார். "அவுக இரும்புன்னுட்டாக."

(குறை ஒன்று அகப்பட்டது: சித்தியிடம் சொன்ன பொய். ஆறாவயலில் டிராக்டரே கிடையாது. அது சித்திக்கு முதல் நாளே தெரியும். நகத்தில் இருந்த துருவைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். "டிராக்டர்ல இம்புட்டுப் பழைய துரு ஏது?")

7

முடிவுகள்.

முதல் முடிவு: மறுநாள் காலை பதினோரு பங்காளிகளும் காருக்கு மாலை போட்டு ஓட்டிக்கொண்டு வந்து ஒர்க் ஷாப் வாசலில் நிறுத்தி, உங்களுக்கே என்கிறார்கள். சித்தியிடம் படித்துக் காட்டினேன். "பதினோரு பேரு அந்த டப்பாக்குள்ள எப்படி வந்தாக?" என்றார். போயிற்று.

இரண்டாவது முடிவு: அழகுராஜா ஸ்பேனரைக் கையால் தொடுவதை விட்டுவிட்டு ஜன்னலோரம் அமர்ந்து தூரத்தை வெறிக்கிறார். ஒர்க் ஷாப்பில் ஜன்னலே கிடையாது.

மூன்றாவது, நடந்தது. பங்காளிகள் ஒரு வாரத்தில் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். எட்டாம் நாள் வள்ளியப்பன் சாவியோடு வந்தார். "எனக்கு ஓட்டத் தெரியாது. நிப்பாட்டி வச்சா திரும்பச் செத்துப்போகும். மாசம் ரெண்டு தடவ உசுப்பி விடுங்க தம்பி." சாவி இப்போது ஒர்க் ஷாப் ஆணியில் தொங்குகிறது. சித்தப்பா போய் வலையபட்டியைச் சுற்றி ஒரு நடை ஓட்டிவிட்டு வருகிறார். "வாங்கியிருந்தா நம்ம வாசல்லயே உசுப்பிருக்கலாம்," என்கிறார் சித்தி. அதுவும் சரிதான். உசுப்பிவிடுவதும் வைத்திருப்பதும் ஒன்றல்ல. இந்தச் சாவி கிடைத்ததை வைத்து அவர் ஆசை தீர்ந்தது என்று நான் எழுதினால் அது பொய்.

ஆனால் ஒன்று. நூலகத்திலிருந்து வரும் வழியில் சில நாள் அந்தத் திருப்பத்தூர் பியட்டைப் பார்ப்பேன். ஒர்க் ஷாப்பைத் தாண்டும்போது வாத்தியார் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். மாயக்கண்ணனின் ஹெரால்டும் அடிக்கும். அந்த ஜீப்கூட. எந்த வண்டிக்கு அடியில் இருந்தாலும் சித்தப்பா ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டுவார். முதல் காரே கிடைத்திருந்தால் அவர் அதோடு நிறுத்தியிருப்பார். மற்ற மூன்றும் இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அந்தக் கை ஆடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருவது நன்றி. யாருக்கு என்று தெரியவில்லை. விற்காமல் போனவர்களுக்காக இருக்கலாம்.

8

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது வந்தது. இந்தத் தடவை துப்புக் கொண்டுவந்தவர் ஈஸ்வரி சித்தி. காளையார்கோவிலுக்கு அந்தப் பக்கம் மலையம்மாள் என்பவரிடம் ஒரு பழைய அம்பாசிடர். சித்தியே கூட வந்தார். டூல்ஸ் பெட்டியை வீட்டில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இன்னைக்கு நான் பேசுறேன். நீங்க வாயத் தொறக்கப்படாது."

"சரி."

"கையும் பின்னால இருக்கணும்."

சித்தப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மலையம்மாள் படலை விலக்கினார். உள்ளே வெள்ளை அம்பாசிடர், முன்சீட்டில் அடைகாக்கும் கோழி.

"ஓடாது தாயி," என்றார் மலையம்மாள். "கோழி அடையத்தான் வச்சிருக்கேன். பாத்து என்னமாச்சும் சொல்லுங்க."

சித்தி காரைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார். பிறகு வெகுநேரம், பின்னால் கட்டியிருந்த அந்தக் கைகளைப் பார்த்தார்.

நான் ஒன்றை உங்களிடம் மறைத்திருக்கிறேன். அன்று காலை கிளம்பும்போது சித்தி தன் கைப்பையில் பணத்தை வைத்ததைப் பார்த்தேன். அதோடு, பழைய துணியில் சுற்றி, ஒரு பிளக் ஸ்பேனரையும் வைத்தார். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "சும்மா கெடக்கட்டும்," என்றார்.

சித்தி பையின் ஜிப்பைத் திறக்கிறார். உள்ளே இரண்டும் இருக்கின்றன. பணம் வெளியே வந்தால் பதினைந்து வருட ஆசைக்கு இன்று மாலை வாசலில் நிழல் கிடைக்கும். ஸ்பேனர் வந்தால் அந்தக் கோழிக்கு வேறு இடம் பார்க்க வேண்டும், மலையம்மாள் ஒருநாள் ஒர்க் ஷாப்பைத் தாண்டும்போது இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். நான் பக்கத்தில்தான் நின்றேன், எது வந்தது என்று தெரியும். ஆனால் எழுதினால் மற்றது இல்லாமல் போய்விடும், எனக்கு இரண்டும் வேண்டும். பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம், சித்தப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

[சித்தி கையை வெளியே எடுத்தபோது அதில்