சின்னம்மாவின் கால்

மலேசியாவின் பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மூன்று பெண்கள் சேர்ந்து வாடகைக்கு இருந்தார்கள். மூவருக்கும் பாயான் லெப்பாஸில் ஒரே மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. ஆனால் வெவ்வேறு ஷிஃப்ட். ஒருத்தி ஃபேக்டரி பஸ்ஸில் ஏறும்போது இன்னொருத்தி இறங்குவாள். மூவரும் சேர்ந்து சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். மற்ற நாட்களில் அடுப்பில் மூடி வைத்த குழம்பைப் பார்த்துத்தான் யார் வந்து போனார்கள் என்று தெரிந்துகொள்வார்கள்.

மூத்தவள் பத்மாவதி, பரிசோதனைப் பிரிவில் டெக்னீஷியன். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். எதையும் நிதானமாக, முறையாகச் செய்பவள். அடுத்தவள் ஷரீஃபா, அலோர் ஸ்டாரிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் பெண். சுத்தம் என்றால் அவளுக்கு உயிர். இளையவள் ஜெயலெட்சுமி, நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவள். அவள் மாடிப்படியில் இறங்கினால் கீழ்வீட்டுக்காரர்கள் யார் என்று கேட்கமாட்டார்கள். அந்த வேகம் அவளுடையது மட்டும்தான்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு பத்மாவதியின் தம்பி கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனபோது தன் கம்ப்யூட்டரை அக்காவிடம் விட்டுப் போனான். அதற்குள் ஒரு விளையாட்டு இருந்தது. வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் மூழ்குகிறது. மூழ்கியவர்களின் பெயர்கள் திரையில் ஒவ்வொன்றாக மேலே ஏறி மறைகின்றன. ஒரே ஒருத்தி மட்டும் ஆளில்லாத ஒரு தீவில் கரையேறுகிறாள். குளிர்காலம் முழுவதும் அவளை உயிரோடு வைத்திருந்தால் வசந்தத்தில் ஒரு கப்பல் வரும். அவ்வளவுதான் விளையாட்டு. சுடுவதற்கு எதிரி யாரும் இல்லை.

ஆனால் அவளை உயிரோடு வைத்திருப்பது லேசில் முடியவில்லை. ஈரத் துணியோடு தூங்கவைத்தால் விறைத்துச் செத்தாள். பனியை அப்படியே தின்னவைத்தால் உடம்புச் சூடு இறங்கிச் செத்தாள். மீன் முள் குத்திய விரலைக் கவனிக்காமல் விட்டதில் ஒரு தடவை கையே அழுகிச் செத்தாள். செத்தால் முடிந்தது. அந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் தானே அழித்துவிடும். பழைய இடத்துக்குத் திரும்பிப் போய்த் தொடர வழியே இல்லை.

இப்படிப் பலமுறை தோற்றபிறகு ஒருத்தி மட்டும் தாக்குப்பிடித்தாள். முக்காடு போட்டுக்கொண்டு, லேசாகக் குனிந்து, அவள் திரையில் நடப்பதைப் பார்த்து ஷரீஃபா சிரித்தாள்.

"எங்க பக்கத்து வீட்டுச் சின்னம்மா பசாருக்குப் போற மாதிரியே இருக்குலா."

அன்றிலிருந்து அவள் சின்னம்மா.

யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் சின்னம்மாவைக் கவனித்துக்கொண்டார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் அவள் உடம்பு மட்டும் கோட்டுருவமாகத் தெரியும். நன்றாக இருக்கும் உறுப்பு பச்சை, அடிபட்டது மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு. வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவுவதற்கு முன்னால் அந்தப் பொத்தானைத்தான் அழுத்துவார்கள். அதைப் பார்த்தே தனக்கு முன்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரிந்துவிடும். சின்னம்மா தங்கும் குகையில் விறகு அடுக்கடுக்காக இருந்தால் பத்மாவதி. கட்டுத்துணியெல்லாம் கொதிக்கவைத்துக் காய்ந்து தொங்கினால் ஷரீஃபா. இதுவரை யாரும் பார்க்காத ஒரு குன்றின் உச்சியில் முழங்கை இரண்டும் மஞ்சளாகச் சின்னம்மா நின்றால், அது ஜெயலெட்சுமி.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஜெயலெட்சுமி காலை ஷிஃப்ட் முடிந்து வந்தாள். பத்மாவதி வேலைக்குப் போயிருந்தாள். ஷரீஃபா இரவு வேலை முடித்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். குகையில் காய்ந்த மீன் வேண்டிய அளவு இருந்தது. ஆனாலும் எத்தனை நாள்தான் சின்னம்மா கருவாட்டையே தின்பாள் என்று தோன்றியது அவளுக்கு. கடலோரப் பாறையில் பறவை முட்டைகள் இருப்பதை முன்பே பார்த்து வைத்திருந்தாள். ஏறவிட்டாள். பாறை ஈரமாக இருந்தது.

திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு உடம்பு தெரிந்தது. வலது முழங்காலுக்குக் கீழே எல்லாம் சிவப்பு.

ஜெயலெட்சுமி உள்ளே ஓடிப்போய் ஷரீஃபாவை உலுக்கினாள்.

"ஷரீஃபா, எந்திரி! சின்னம்மா விழுந்துட்டா!"

ஷரீஃபா கண்ணைத் திறக்காமலே எழுந்து உட்கார்ந்தாள். "எந்த ஆஸ்பத்திரில போட்டிருக்காங்க?"

"ஐயோ, நம்ம சின்னம்மாலா!"

ஷரீஃபா போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். திரை முன்னால் வந்து உட்கார்ந்தாள். எலும்பு முறிந்து சதையைக் கிழித்திருந்தது. முதலில் சின்னம்மாவின் பாவாடை ஓரத்தைக் கிழித்து ரத்தத்தைக் கட்டினாள். சின்னம்மாவால் நடக்க முடியவில்லை; தவழத்தான் முடிந்தது. கொஞ்சம் தவழ்ந்தால் மூச்சு வாங்கும், நிற்கவேண்டும். மற்ற நாட்களில் ஒரு பொத்தானை அழுத்தியதும் போய்ச் சேரும் குகையை அடைய வெகுநேரம் ஆனது. கம்ப்யூட்டரின் சின்ன ஒலிபெருக்கியில் டொக், டொக் என்று அவள் இதயம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் அந்த விளையாட்டில் இருக்கிறது என்பதே அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

குகையில் துடுப்புக் கட்டையை உடைத்துக் காலின் இரண்டு பக்கமும் வைத்து, காலை இழுத்து நேராக்கிக் கட்டினாள் ஷரீஃபா. இழுத்தபோது டொக் டொக் நின்றுபோனது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்சநேரம் கழித்து அது மெதுவாக மறுபடியும் ஆரம்பித்தது.

"மயங்கியிருக்கா," என்றாள் ஷரீஃபா.

பத்மாவதி வந்து பார்த்தபோது யாரையும் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, காலையும் விறகையும் மாறிமாறிப் பார்த்தாள். "பனி இறங்கப் போகுது. இனி இவ வெளியே போகமுடியாது. இருக்கறத வச்சுத்தான் ஓட்டணும்," என்றாள்.

அடுத்த நாட்களில் புண் பழுத்தது. சிவப்பு முழங்காலுக்கு ஏறியது. பிறகு அதற்கும் மேலே. ஷரீஃபா துணியைக் கொதிக்கவைத்து மாற்றினாள். பத்மாவதி தண்ணீரையும் மீனையும் அளந்து கொடுத்தாள். ஜெயலெட்சுமி இருவரையும்விட அதிக நேரம் திரை முன்னால் இருந்தாள். எங்கும் போகாமல், ஒன்றும் செய்யாமல், நெருப்பில் விறகு போடுவதற்காக மட்டும் உட்கார்ந்திருக்க அவள் அப்போதுதான் கற்றுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வீட்டில் இருந்தார்கள். வெளியே நல்ல மழை. சிவப்பு தொடையின் பாதிக்கு வந்திருந்தது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. பத்மாவதி படித்துச் சொன்னாள்.

"காலை எடுத்துடவான்னு கேக்குது."

அதை மறுபடியும் ஒருமுறை மனதுக்குள் படித்தாள்.

"எடுத்துடலாம்," என்றாள் பத்மாவதி. "உசுரு முக்கியம். கால் இல்லாட்டியும் கப்பல் வர்ற வரைக்கும் கிடந்துடுவா."

"நம்ம கால் இல்லல்ல, அதனால சுலபமா சொல்றோம்," என்றாள் ஷரீஃபா. "எடுத்தா ரத்தம் போகும்க்கா. இவகிட்ட அவ்வளவு ரத்தம் இல்ல."

இருவரும் ஜெயலெட்சுமியைப் பார்த்தார்கள். அவள் சின்னம்மாவின் மூட்டையில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு, தூண்டில், கொஞ்சம் கொழுப்பு, குன்றின் மேல் அவளே பொறுக்கி வந்த பாசி. பாசியைத் தின்னக் கொடுத்தால் வயிற்றைக் கலக்கும் என்று முன்பே கண்டிருந்ததால் அது அப்படியே கிடந்தது.

"இதப் புண்ணு மேல வச்சுக் கட்டுனா என்ன?"

"பாசியையா?" என்று முகம் சுளித்தாள் ஷரீஃபா. பிறகு, "சரி. ஆனா சூடு காட்டிட்டு வை," என்றாள்.

வைத்தார்கள். கேள்விக்கு வேண்டாம் என்று பதில் சொன்னார்கள். ஒன்றும் நடக்கவில்லை. காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது.

பிறகுதான் அது நடந்தது. குகைக்கு வெளியே பனியில் புள்ளிகளாக ஏதோ அசைந்தது. ஓநாய் என்று ஜெயலெட்சுமி பயந்தாள். ஓநாய் இல்லை. மனிதர்கள். ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து உள்ளே வந்து நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு பெயர்.

பத்மாவதியின் குரல் இறங்கிப்போனது. "இதெல்லாம் கப்பலோட போனவங்க."

இத்தனை காலம் விளையாடியும் மூவரும் ஒருபோதும் இதைப் பார்த்ததில்லை. இந்த அளவு காய்ச்சலோடு சின்னம்மா இத்தனை நேரம் உயிரோடு இருந்ததே இல்லை. அதனால் இது யார் கண்ணிலும் பட்டதில்லை. முகம் தெரியாத எவனோ ஒருவன், உலகத்தின் எந்த மூலையிலோ உட்கார்ந்து, சாவின் ஓரத்தில் கிடப்பவள் என்ன காண்பாள் என்று யோசித்து இதை எழுதி வைத்திருக்கிறான். யாராவது அதுவரை வருவார்களா என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது.

வந்தவர்களில் ஒருவர் எழுந்து கை நீட்டினார். பத்மாவதி படித்தாள்: "வா, கப்பல் காத்துக்கிட்டு இருக்கு, வெளியே குளிரே இல்லன்னு சொல்றாரு."

சின்னம்மா தானாகவே எழ முயன்றாள். யாரும் பொத்தானைத் தொடவில்லை.

"போகாதே," என்றாள் ஷரீஃபா, திரையைப் பார்த்து, சத்தமாக. "போகாதே, உக்காரு."

ஜெயலெட்சுமி விறகு போடும் பொத்தானை அழுத்தினாள். நெருப்பு வளர்ந்தது. சின்னம்மா அதன் பக்கம் திரும்பிப் படுத்தாள். நீட்டிய கை கொஞ்சநேரம் அப்படியே இருந்தது. நெருப்பு தணிந்தபோதெல்லாம் அவள் மறுபடி எழ முயன்றாள். ஜெயலெட்சுமி மறுபடி விறகு போட்டாள். பத்மாவதி அடுக்கி வைத்த விறகு குறைந்துகொண்டே வந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, வந்த வழியே பனிக்குள் போனார்கள். கடைசி ஆள் வாசலில் நின்று திரும்பிப் பார்த்ததை மூவரும் கண்டார்கள்.

திரையில் விடிந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பறவை கத்தியது. பத்மாவதி உடம்பைப் பார்க்கும் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு தொடையிலிருந்து முழங்காலுக்கு இறங்கியிருந்தது. மூவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தார்கள். மழை விட்டிருந்தது. மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

சிவப்பு மஞ்சளாக நாளானது. மஞ்சள் முழுதாகப் பச்சையாக மாறவே இல்லை. சின்னம்மா கடைசிவரை வலது காலை இழுத்துத்தான் நடந்தாள். ஆனால் நடந்தாள். பனி உருகி, கரையில் புல் தெரிய ஆரம்பித்ததும் ஒரு கப்பல் வந்தது. அவளை அதில் ஏற்றியபோது வீட்டில் இருந்தது ஷரீஃபா மட்டும்தான். ஏற்றுவதற்கு முன்னால், ஷிஃப்ட் மாறும் நேரமாகப் பார்த்து ஃபேக்டரிக்குப் போன் செய்து, அவசரம் என்று சொல்லி மற்ற இருவரையும் போனுக்குக் கூப்பிட்டாள்.

"கப்பல் வந்துருச்சு. அனுப்பிடவா?"

"கால்ல புதுசா கட்டுப் போட்டியா?" என்று கேட்டாள் பத்மாவதி.

"போட்டேன்."

"அப்ப அனுப்பு," என்றாள் ஜெயலெட்சுமி.

ஆட்டம் முடிந்தது. முடிந்த ஆட்டத்தையும் கம்ப்யூட்டர் அழித்துவிட்டது. புதிதாக ஆரம்பிக்கவா என்று பத்மாவதி ஒரு நாள் கேட்டாள். மற்ற இருவருக்கும் மனம் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஜெயலெட்சுமி ஊருக்குக் கிளம்பினாள். பட்டர்வொர்த் போகும் ஃபெர்ரியில் மேல்தட்டில் இடம் கிடைத்தது. காற்று முகத்தில் அடித்தது. சுற்றிலும் ஜனங்கள். தூங்குகிறவர்கள், பிள்ளைக்குப் பால் புட்டி கொடுக்கிறவர்கள், பேப்பர் படிக்கிறவர்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று உடம்பு சிலிர்த்தது. இத்தனை பேருக்குள்ளும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. சூடு ஏறாமல் இறங்காமல் நிற்கிறது. எங்கேயோ பட்ட கீறல்கள் சத்தமில்லாமல் மூடிக்கொள்கின்றன. யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளவில்லை. யாரும் விறகு போடவில்லை. ஆனாலும் எல்லாம் நடக்கிறது. அவள் இரண்டு விரல்களைக் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். துடித்துக்கொண்டிருந்தது. விரல்களை எடுக்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் அவளைக் கவலையோடு பார்த்தார்.

"மயக்கமா வருதாம்மா? ஃபெர்ரி ஆட்டம் சில பேருக்கு ஒத்துக்காதுலா."

"இல்லண்ணே, நல்லா இருக்கேன்," என்றாள். "ரொம்ப நல்லா இருக்கேன்."

அவர் நம்பவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு புளிப்பு மிட்டாயை எடுத்து நீட்டினார். அவள் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். நாக்கில் எச்சில் தானாகவே ஊறியது.