மத்தியானத்தில் வெளுக்கும் தொட்டி

பாசியிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலையில் தொட்டி கலக்குகிறவராக இருந்தவர், மகள் பட்டம் வாங்கிய வருடம் பச்சையாகிப்போனார். முதலில் குதிகால், பிறகு முழங்கை, மழைக்காலம் முடிவதற்குள் காதுமடல் வரைக்கும். வலி இல்லை, அரிப்பு இல்லை. மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நாக்கு சிவப்பாகத்தான் இருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். தெரு ஒரு வாரம் வேடிக்கை பார்த்தது. அப்புறம் குழாயில் தண்ணீர் நின்றுபோனதால் அவரை மறந்துவிட்டது.

காரணம் அவர் மனைவிக்குத் தெரியும். மனுஷன் பாதி ஆயுளை “நான் சாப்பிட்டாச்சு” என்று சொல்லியே ஓட்டியவர். பானையின் அடி தெரிகிற நாளிலெல்லாம் ஆலையில் யாரோ கொடுத்தார்கள் என்பார், வழியில் தின்றேன் என்பார், வயிறு கல் மாதிரி இருக்கிறது என்பார். மகள் கல்லூரிக்குப் போன வருடங்களில் அந்தக் கல் கரையவே இல்லை. சொல்லிச் சொல்லி உடம்பே அதை நம்பிவிட்டது. தொட்டிக்குள் நாளெல்லாம் கால் ஊறிக்கொண்டிருந்ததில் பாசியின் வித்தையைக் கற்றுக்கொண்டு, தனக்கு வேண்டியதை வெயிலிலிருந்து எடுக்கத் தொடங்கிவிட்டது. மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் நிற்பார். முகம் தெளிந்துவிடும். ஏப்பம்கூட வரும்.

ஆறாதது மகளுக்குத்தான். அதே ஆலையில் உலைப் பிரிவில் அவளுக்கு வேலை. காயவைத்த பாசியைக் காற்றுப் புகாத உலையில் போட்டு, உள்ளே நைட்ரஜனை ஓடவிட்டு, ஐந்நூறு டிகிரியில் சுட வேண்டும். காற்று இருந்தால் எரிந்து சாம்பலாகிவிடும், இல்லாததால் ஆவியாகும். ஆவியைக் குளிரவைத்தால் கறுப்பு எண்ணெய். அதைப் பிரித்தால் வண்டிக்கு எரிபொருள் ஒரு பக்கம், பசைக்கும் பிளாஸ்டிக்குக்கும் வேண்டிய சரக்கு ஒரு பக்கம். மிச்சக் கரி தோட்டங்களுக்குப் போகும். மூச்சை அடக்கிக்கொண்டு வேகிற இந்தப் பொருளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அப்பா ஞாபகம் வரும், கோபமும் வரும். முதல் சம்பளத்தில் பெரிய தட்டு ஒன்று வாங்கினாள். அதில் சோற்றைக் குவித்து அவர் சாப்பிடுவதை ஒருநாள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. அவர் குனிந்து வாசனை பிடித்து, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவார்.

“என்னை மட்டும் கடன்காரியாக்கிட்டு நீங்க பாட்டுக்கு வெயில்ல நில்லுங்க,” என்றாள் ஒருநாள்.

“முன்னாடி சொன்னதெல்லாம் பொய்தான் பாப்பா. இப்போ நெஜமாவே பசிக்கல.”

தட்டு அலமாரியில் கவிழ்ந்தே கிடந்தது.

தொட்டியை வழித்தெடுக்கும்போது ஒரு கண்ணாடிக் குடுவையில் மட்டும் பாசியைத் தனியாக வளர்த்து வைப்பது ஆலை வழக்கம். தாய்க்குடுவை என்பார்கள். தொட்டிக்கு என்ன ஆனாலும் அதிலிருந்து மறுபடி தொடங்கலாம். முதலாளிகள் பார்வையிட வந்த வாரம் விடாத மழை. பாசி காயவில்லை, உலைக்குக் கொஞ்சம் குறைந்தது. வந்தவர்கள் முன்னால் எண்ணெய் சொட்டியே ஆக வேண்டும் என்ற வீம்பில் மகள் தாய்க்குடுவையையும் வடிகட்டிக் காயவைத்து உலையில் போட்டுவிட்டாள். எண்ணெய் சொட்டியது, கைதட்டினார்கள். மறுநாள் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி விழுந்து மிச்சமிருந்த பாசியையும் தின்றுவிட்டது. தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது.

“விதைநெல்லைக் குத்தித் தின்ன கதைதான். அதுக்கு எதுக்கும்மா பட்டம்?” என்றார் மேலாளர். வாரக் கடைசிக்குள் தொட்டி பச்சையாகாவிட்டால் அவள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்பதையும் மரியாதையாகவே சொன்னார்.

அவள் வீட்டில் வாய் திறக்கவில்லை. ஆனால் தொட்டிதான் அப்பாவின் வேலையிடம். அவரிடம் எதை மறைப்பது? மறுநாள் காலை மழை விட்டதும் அவர் பூச்சித் தண்ணீரை இறைத்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினார். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். உலைக்கூடத்திலிருந்து பார்த்துவிட்டு அவள் ஓடிவந்தாள்.

அவர் உடனே இறங்கவில்லை. தன் பச்சைக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பற்றி நினைக்காமல் அவர் வாழ்ந்தது இந்தச் சில வருடங்கள்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதைப் போய்க் கடன் என்று சொல்லியிருந்தாள்.

“வேணாம்ப்பா. எழுந்திரிங்க. இந்த வேலை போனா இன்னொண்ணு. இதைக் குடுத்துட்டா அப்புறம் உங்களுக்கு என்ன இருக்கு?”

“அதான் நீ ஒரு தட்டு வாங்கி வெச்சிருக்கியே,” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கழுத்தளவு தண்ணீரில் நின்று, குளிக்கிறவர் போலக் கையையும் மார்பையும் காதுமடலையும் தேய்த்தார். பச்சை, புகை மாதிரி பிரிந்து போனது. வெயில் ஏறுவதற்குள் தொட்டி முழுக்கப் பரவிக் குமிழி விட ஆரம்பித்தது. ஏறி வந்தவர் பழைய மாநிறத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார். வயிறு போட்ட சத்தம் உலைக்கூடம் வரை கேட்டது. அழுத்தமானி எகிறிவிட்டதோ என்று ஒருவர் போய்ப் பார்த்தார். மகள் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கொடுத்தாள். ஈரத்தோடு விளிம்பில் உட்கார்ந்து, தலை நிமிராமல், அடி வரைக்கும் வழித்துச் சாப்பிட்டார்.

“இன்னும் இருக்கா?” என்று கேட்டார். பிறந்ததிலிருந்து அவர் கேட்டிராத கேள்வி.

முதல் அள்ளலிலேயே அவள் தாய்க்குடுவையை நிரப்பி வைத்தாள். அவள் வேலையும் போகவில்லை. ஆனால் அந்தப் பாசி அவரை மறக்கவில்லை. ஒருமுறை வீட்டுக்கு விருந்தாளிகள் வந்து சோறு பற்றாமல் போனபோது, பழக்க தோஷத்தில் நான் சாப்பிட்டாச்சு என்றுவிட்டார். ஆலையில் தொட்டி அரை மணி நேரத்தில் வெளுத்து, குடுவையும் கூடவே வெளுத்து, அன்றைய எண்ணெய் தண்ணீராக இறங்கியது. மேலாளர் பட்டம் பற்றி எதுவும் பேசாமல் வழக்கத்தில் ஒன்றைச் சேர்த்தார். இப்போதெல்லாம் மத்தியானத்தில் உலையின் சூட்டைப் பார்க்கிறார்கள், நைட்ரஜன் அழுத்தத்தைப் பார்க்கிறார்கள், பிறகு வீட்டுக்கு போன் போட்டு அப்பா சாப்பிட்டாரா என்று கேட்கிறார்கள்.

“சாப்பிட்டாச்சுன்னு சொல்லிடு,” என்பார் அவர், கை கழுவச் சோம்பல்பட்டு.

“தொட்டி லேசா வெளுக்குதாம்,” என்பாள் போனைக் காதில் வைத்தபடி மனைவி. அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து பெரிய தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார்.