பேஸ் ஊதுகிறவன் வீட்டு அரிசிக் கணக்கு

சுதந்திரம் வந்துவிட்டது, அரிசிதான் வரவில்லை. சிவாஜிநகரை நாங்கள் இன்னும் பிளாக்பள்ளி என்றே சொல்லிக்கொண்டிருந்த காலம். ரேஷன் கார்டில் பெரியவருக்கு முழுப் பங்கு, பிள்ளைக்குப் பாதி. மூட்டை தூக்குகிறவன், கல் உடைக்கிறவன் மாதிரி கடின உழைப்பாளிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் என்று சர்க்கார் மனசு இளகி ஒரு விதி வைத்திருந்தது.

அந்தக் கூடுதல்மேல் ரெமிஜியஸ் கண் வைத்தான். எங்கள் பேண்டு செட்டில் அவன் பேஸ் ஊதுகிறவன். உடம்பைச் சுற்றிக்கொண்டு தலைக்கு மேலே வாயைப் பிளந்து நிற்கிற பெரிய பித்தளை வாத்தியம் அது. நான் கிளாரினெட். அதைக் காட்டி ஒரு பிடி அரிசிகூடக் கேட்க முடியாது என்பதில் எனக்கு வயிற்றெரிச்சல்தான். இருந்தாலும் மனு எழுதிக் கொடுத்தேன். அவன் மனைவி டோரீன் மாசக் கடைசியில் பிள்ளைகளின் கஞ்சியில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனதைப் பார்த்தவன் நான்.

விசாரிக்க ரேஷன் இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பா வந்தார். வாத்தியத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஊதறதெல்லாம் கடின உழைப்பாப்பா?"

"இதைத் தூக்கிட்டுக் கல்லறை வரைக்கும் ஊதிப் பாருங்க சார். பொணம் சொகுசாப் போவும், நான்தான் சாவேன்."

"நமக்கு பேடப்பா, வேணாம். நீயே ஸ்வல்ப ஊதிக் காட்டு."

ரெமிஜியஸ் ஊதினான். ஓட்டிலிருந்து தூசி கொட்டியது, தெரு நாய்கள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் குரைத்தன. கிருஷ்ணப்பா காதைக் குடைந்துகொண்டார்.

"ரேஷன் அரிசி தின்னுட்டு இவ்ளோ தம்மா? உண்மையச் சொல்லு. கள்ள மார்க்கெட்ல வாங்கறியா?"

மூச்சு இருந்தால் வயிறு நிறைந்தவன், கூடுதல் கிடையாது. மூச்சு இல்லையென்றால் உழைப்பே இல்லை. மனு எழுதிய மேதாவி நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டோரீன் ஈரக் கையோடு உள்ளேயிருந்து வந்தாள். "கள்ள மார்க்கெட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல சார். என் பங்குல பாதி அவருக்குத்தான் போவுது. மூச்சு கொறஞ்சா பேண்டுல சேக்க மாட்டாங்கல்ல?"

"சாப்ட்டாச்சுன்னு சொன்னியே?" என்றான் ரெமிஜியஸ்.

"சொன்னேன். நீங்களும் நம்பிட்டீங்க."

அவன் வாத்தியத்தைக் கழற்றிக் கீழே வைத்தான். எனக்கே வெட்கமாக இருந்தது, அவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

கிருஷ்ணப்பா அவள் ஈரக் கையைப் பார்த்தார். பிறகு டோரீனைக் கேட்டார்.

"தண்ணி யாரும்மா தூக்கறது?"

"நான்தான். தெருக் கொழாய்லேர்ந்து."

"வெறகு பொளக்கறது? கல்லுல ஆட்டறது?"

"வேற யாரு சார் வருவாங்க?"

அவர் மனுவில் ரெமிஜியஸ் பெயரை அடித்துவிட்டு டோரீன் பெயரை எழுதினார். "கடின உழைப்பாளி. சரி, இவளுக்கு வேலை குடுக்கற மொதலாளி கையெழுத்து வேணுமே." அவர் பேனாவை ரெமிஜியஸிடம் நீட்டினார். "போடுப்பா. வேலை ஒன் வீட்டுக்குத்தானே நடக்குது?"

கையெழுத்துப் போட்டான்.

கூடுதல் அரிசி வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். டோரீன் முதல் தடவையாக அவன் பக்கத்திலேயே தட்டு நிறையச் சோறு போட்டு உட்கார்ந்தாள். ரெமிஜியஸ் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வயிறு ரொம்பிச்சா?"

"ரொம்பிச்சு மொதலாளி. சர்க்கார் அரிசி குடுத்துட்டாங்க. நீங்க கூலி எப்பக் குடுப்பீங்க?"

ரெமிஜியஸ் எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்குப் போனான். வரிசையில் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் வாசலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன், என் வீட்டுக்காரி இரண்டு குடங்களைக் கொண்டுவந்து என் கையில் திணிக்கிற வரைக்கும்.