ஒட்டு காயும்வரை

செங்கமலம் ஊசியை மூட்டின் ஓரமாகச் சாய்த்துப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு மெல்ல அழுத்தினாள். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டவைக்கும் குளோரோபார்ம் ஒரு சொட்டு, இரண்டு அக்ரிலிக் துண்டுகளுக்கு நடுவே நூல்போல ஓடியது. ஓடிய இடமெல்லாம் வெளிறல் மறைந்து கண்ணாடியாகத் தெளிந்தது. நாலு பக்கமும் தெளிந்தபிறகு ரப்பர் வளையங்களை மாட்டி, பெட்டியைத் தூக்கிவந்து சன்னல் கட்டையில் வைத்தாள். இனி நாளைக் காலைவரை அதைத் தொடக்கூடாது.

ஆறு வருஷமாக ஸ்ரீபெரும்புதூர் சாலையோரக் கொட்டகை ஒன்றில் அவளுக்கு இதுதான் வேலை. ஆம்ப்ளிஃபயர், கடிகாரம், மீட்டர் என்று யார் எந்த அளவில் கேட்டாலும் பிளாஸ்டிக் தகட்டை அறுத்து, விளிம்பைத் தேய்த்து, பெட்டியாக ஒட்டித் தருவாள். இந்தப் பெட்டி மட்டும் அவள் புருஷனுக்கு.

அவர் பெயர் அப்பாவு. ஒரகடம் பக்கம் கல்குவாரி லாரி ஓட்டியவர். தொண்டையில் கட்டி வந்து, பட்டணத்து ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு. கையெழுத்துப் போடுவதைத் தவிர எழுதத் தெரியாது. வெளிநாட்டில் ஒரு கருவி இருக்கிறது, கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிர்கிற சத்தத்தை வாயசைத்துப் பேச்சாக்கிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். வாங்கக் கட்டாது. ரேடியோ மெக்கானிக் ராஜசேகர் அந்த மாதிரி ஒன்றின் உள்பாகத்தைச் செய்து தருவதாகச் சொன்னான். வெளிக்கூடு செங்கமலத்தின் பொறுப்பு. பிசைந்த கோதுமை மாவை அவர் உள்ளங்கையில் வைத்து மூடச் சொல்லி, விரல் பதிந்த அளவுக்கு அறுத்தாள்.

முதல் பெட்டியை ஒட்டியபோது பொறுமை இல்லை. இரண்டே மணி நேரத்தில் எடுத்து மாட்டிக் கொடுத்தாள். அப்பாவு அதைக் கழுத்தில் வைத்து அழுத்தினார். வண்டு முனகுவதுபோல ஒரு குரல் எழுந்தது.

"செங்…"

அதற்குள் மூட்டு பிளந்து, உள்ளே இருந்த அதிரும் தகடு தரையில் விழுந்து கம்பி அறுந்துவிட்டது.

பத்தொன்பது வருஷத்தில் அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இந்தாமே" என்பார். இல்லாவிட்டால் தொண்டையைச் செருமுவார். முதல் முறையாகப் பேரை எடுத்தவர் அடுத்து என்ன சொல்ல வந்தார் என்பது அவளைப் பத்து நாளாகத் தூங்கவிடவில்லை. அந்தப் பத்து நாளில் ராஜசேகர் புதுத் தகடு தேடிப் பிடித்துக் கம்பி சுற்றிக் கொடுத்தான். அப்பாவு எழுந்து உட்காருவதை நிறுத்தியதும் அந்தப் பத்து நாளில்தான்.

பெட்டி சன்னலுக்கு வந்ததைப் படுத்தபடியே அப்பாவு பார்த்தார். கையை நீட்டினார்.

"போன தபா அவசரப்பட்டுத்தான் ஒடஞ்சுது. நாளைக்குக் காலைல ராஜசேகர் வந்ததும் மாட்டித் தரேன்யா. அப்பால எல்லாத்தையும் சொல்லு."

அவர் கை நீட்டியபடியே இருந்தது. பிறகு உதட்டை அசைத்தார். தண்ணி, வலி, திரும்பிப் படுக்கணும் எல்லாம் அவளுக்கு உதட்டிலேயே தெரியும். இது தெரியவில்லை. குனிந்து, இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அவர் லேசாகச் சிரித்து, இருக்கட்டும் என்பதுபோலக் கையை இறக்கிக்கொண்டார்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்குக் கஞ்சி கரைத்து எடுத்துவந்தபோது கழுத்துத் துளையில் மூச்சு விட்டுவிட்டு வந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஒருமுறை மடங்கின. பிறகு மடங்கவில்லை.

அவர் தம்பி நரசிம்மன் குன்றத்தூரிலிருந்து வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டான். மறுநாள் காலை, விஷயம் தெரியாமல் ராஜசேகர் ஸ்குரூ டிரைவரும் கையுமாக சைக்கிளில் வந்தான். வாசலில் பந்தலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான். பெண்களுக்கு நடுவிலிருந்து செங்கமலம் எழுந்து வந்தாள். சன்னலிலிருந்த பெட்டியை எடுத்து, ரப்பர் வளையங்களைக் கழற்றி, அவனிடம் நீட்டினாள். அவன் மூட்டை நகத்தால் தடவிப் பார்த்தான். இரண்டு கையாலும் அழுத்தினான். அசையவில்லை.

"நல்லா புடிச்சிக்கினு கீதுக்கா."

"நேத்து மத்தியானமே குடுத்திருந்தா தாங்கியிருக்குமா?"

ராஜசேகர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாங்கியிருக்காதுக்கா."

அவள் தலையாட்டினாள். ஒட்டைப் பற்றி அவனைவிட அவளுக்கு அதிகம் தெரியும்.

பன்னிரண்டு மணிக்கு அப்பாவுவை எடுத்துப் போனார்கள். பெட்டியையும் கூடவே வைத்துவிடலாமா என்று நரசிம்மன் கேட்டான். வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அடுத்த நாள் காலை, பால் தெளிக்க ஆண்கள் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கங்கம்மாள் காபி கொண்டுவந்து, அவள் குடிக்கும்வரை எழுந்திருக்கப் போவதில்லை என்று எதிரில் உட்கார்ந்துகொண்டாள். செங்கமலம் தம்ளரைக் கையில் வைத்திருந்தாள். சாலையில் கம்பெனி பஸ் ஒன்று நின்று போனது. நைட் ஷிப்ட் முடிந்து கங்கம்மாளின் புருஷன் வீட்டுக்குள் நுழைவதும், வாளியை நகர்த்துவதும் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டது.

"கங்கா."

கங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு எப்படிப் பதில் கொடுப்பது என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"கங்கா, துண்டு எங்க வச்ச?"

"கூப்புடறாரு பாரு," என்றாள் செங்கமலம்.

"கூப்புடட்டும்க்கா. அவருக்கு வேற வேல இல்ல."

மூன்றாவது முறையும் அந்தக் குரல் வந்தது. இந்த முறை கொஞ்சம் நீட்டி, கொஞ்சம் சலித்துக்கொண்டு. செங்கமலம் தம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் தலையைச் சாய்த்தாள்.