கீழே வராத சர்வீஸ்

இரண்டாம் பருவத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மாலை, வாலிபால் இறுதி ஆட்டத்தில் பத்தாம் வகுப்பு நெட்டை போட்ட சர்வீஸ் மேலே போய் நின்றுவிட்டது. கீழே வரவில்லை. அந்தப் பருவத்தில் உயர்நிலைப் பள்ளியில் வேறு சேதிகளும் உண்டு. ஆய்வுக்கூடத்துக் குழாயில் முதல்முறையாகத் தண்ணீர் வந்தது. எட்டாம் வகுப்பில் பாதிப் பேருக்குக் கண்வலி வந்து மீதிப் பேருக்கும் தொற்றியது. கட்டுரைப் போட்டியில் ஜெயித்த பெண், கொடுத்த கோப்பை ஓட்டை என்று மேடையிலேயே சொன்னாள். ஆனாலும் அந்த வருஷத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஊரில் முதலில் பந்தைத்தான் சொல்வார்கள்.

நெட்டைக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்றே வகுப்பறை வாசலில் தலையை இடித்துக்கொண்டதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் அப்பா கொத்தனார். அவர் கட்டிய சுவருக்குத் தூக்குக்குண்டு பிடிக்க வேண்டாம், கொடுத்த வாக்கை ஞாபகப்படுத்தவும் வேண்டாம் என்று பேர் வாங்கியவர். அம்மாவுக்குக் கோழிப் பண்ணையில் முட்டை தரம் பிரிக்கிற வேலை. தூரத்து நகரத்தில் இருந்த அத்தைக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அவள் போனில் அழ, கொத்தனார் தங்கைப் பாசத்தில் நெட்டையை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். நெட்டை அழவில்லை. பள்ளி அணி இறுதி ஆட்டத்துக்கு வந்திருக்கிறது, அதை மட்டும் ஆடிவிட்டுப் போகிறேன் என்று கேட்டாள். "ஆட்டம் முடியட்டும். முடிஞ்ச மறுநாள் பஸ் ஏத்திவிடறேன். அதுவரைக்கும் நீ பள்ளிக்கூடம் போறதை யாரும் தடுக்கமாட்டாங்க" என்றார் அப்பா. அத்தையிடமும் அதையே சொன்னார்.

மைதானத்துக்கும் ஏறக்குறைய இதே கதிதான் வந்திருந்தது. ஒரு சரக்குக் கம்பெனிக்கு லாரி நிறுத்த இடம் தேவைப்பட்டது. பள்ளி மைதானம் சும்மாதானே கிடக்கிறது என்று மேலே யாரோ முடிவெடுத்துவிட்டார்கள். ஊரார் கூடிக் கேட்டபோது, வந்திருந்த அதிகாரி மைக்கைப் பிடித்து, "பிள்ளைங்க போட்டி முடியிற வரைக்கும் ஒரு கம்பி நடமாட்டோம். இது என் வாக்கு" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அப்போது அவருக்குத் தெரியாது. கைதட்டியவர்களுக்கும் தெரியாது. கொடுத்த மைதானம் யானை வாயில் போன கரும்பு என்றுதான் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

இறுதி ஆட்டம் பட்டணத்துப் பள்ளியோடு. மூன்றாவது செட்டில் அவர்கள் பதினான்கு, இவர்கள் பதின்மூன்று. சர்வீஸ் நெட்டை கையில். கோட்டுக்கு வெளியே பம்புசெட் ஓரமாகக் கம்பெனியின் ஆட்கள் கம்பிகளை ஏற்கனவே இறக்கி வைத்திருந்தார்கள். அப்பா வேலையிலிருந்து நேராக, சிமெண்டுக் கையோடு வந்து நின்றிருந்தார். நெட்டை அந்தக் கம்பிகளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். ஜெயித்தாலும் பஸ், தோற்றாலும் பஸ். பந்தை இடது கையில் வைத்து, கீழேயிருந்து வலது கையால் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பந்து பள்ளித் தண்ணீர்த் தொட்டியின் உயரத்தையும் தாண்டிப் போயிற்று, சரியாக வலைக்கு நேர் மேலே போனதும் நின்றது. பட்டணத்துப் பெண்கள் கைகளைச் சேர்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கழுத்து வலித்தது. பார்க்க வந்தவர்கள் கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, பிறகு உட்கார்ந்துகொண்டார்கள்.

நடுவராக இருந்தவர் இந்தப் பள்ளியின் கணக்கு வாத்தியார். சொந்தப் பள்ளிக்கு எதிராகவே மூன்று முறை பந்து கோட்டுக்கு வெளியே என்று தீர்ப்புக் கொடுத்தவர் என்பதால் அவரைக் கறார் என்று கூப்பிட்டார்கள், பட்டணத்து அணியும் அவரைத்தான் கேட்டிருந்தது. ஆட்டத்துக்கு வந்திருந்த அதிகாரி இருட்டும் வரை பார்த்துவிட்டு அவரிடம் வந்தார்.

"ஊதிடுங்க வாத்தியாரே. முடிச்சுக்கலாம்."

"எதுக்குன்னு ஊதறது?"

"பந்தைத்தான் காணோமே."

"அதோ இருக்கே. காணாமப் போனா வேற பந்து எடுக்கலாம், விதி இருக்கு. வெளியே விழுந்தா ஊதலாம், உள்ளே விழுந்தா ஊதலாம். எங்கேயும் விழாத பந்துக்கு நான் ஊதினா நாளைக்கு ஒரு பிள்ளை என்னை மதிக்காது."

விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். இப்படியாக ஆட்டம் நடந்துகொண்டிருப்பதாக ஆயிற்று.

விழும்போது எடுக்க ஆள் இல்லாவிட்டால் ஆட்டம் போய்விடும் என்பதால் கோட்டுக்குள் எப்போதும் ஆறு பேர் நிற்க வேண்டியிருந்தது. பகலில் பிள்ளைகள் மாறி மாறி நின்றார்கள். பாடம் கோட்டோரத்துக்கு வந்தது. கரும்பலகையைப் பம்புசெட் சுவரில் சாய்த்து, கறார் நாற்காலியில் இருந்தபடியே அல்ஜீப்ரா நடத்தினார். இரவு முறையை அம்மாக்கள் எடுத்துக்கொண்டார்கள். பண்ணையிலிருந்து ஷிப்டு முடிந்து வருகிற பெண்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முன்வரிசை மூன்று, பின்வரிசை மூன்று என்று நின்றார்கள். முதல் வாரம் சிரிப்பாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரத்தில் அவர்களுக்குள்ளேயே பயிற்சி தொடங்கிவிட்டது. நெட்டையின் அம்மா தினமும் ஆயிரக்கணக்கில் முட்டையைக் கையாண்டும் ஒன்றைக்கூட நழுவவிடாதவள், பந்தை வாங்குவதில் பெண்ணை மிஞ்சிவிட்டாள் என்று பேச்சு. "இத்தனை வருஷம் எனக்கு இது தெரியாமப் போச்சே" என்று அவள் கணவரிடம் சொன்னாள்.

மூன்றாம் பருவச் சேதிகள் எல்லாமே பந்துக்குக் கீழே நடந்தன. பெற்றோர் கூட்டம் நடந்தது, வராத அப்பாக்கள்கூட வந்தார்கள். கண் பரிசோதனை முகாமில் டாக்டர் எழுத்து அட்டையை மாட்டாமல், மேலே தெரிகிறதா என்று மட்டும் கேட்டுக் கண்ணாடி எழுதிக்கொடுத்தார். ஆண்டு விழாவில் நாடகம் போட்டபோது அரசனாக நடித்த பையன் வசனத்தை மறந்து அண்ணாந்து பார்த்தான், அரங்கமே சேர்ந்து அண்ணாந்து பார்த்தது. நடுவில் ஒருநாள் விடியற்காலையில் கம்பெனி லாரி மைதானத்துக்குள் வந்தது. அப்போது கோட்டில் நின்றவர்கள் பண்ணைப் பெண்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். நெட்டையின் அம்மா திரும்பாமலே, "ஆட்டம் நடக்குதுல்ல, குறுக்க வராதப்பா" என்றாள். லாரி பின்னால் போயிற்று. அன்றைக்கு மதியமே பம்புசெட் ஓரத்துக் கம்பிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதிகாரி சும்மா இருக்கவில்லை. தீயணைப்பு வண்டியை வரவழைத்தார். ஏணியை நீட்டினார்கள், இன்னும் ஒரு ஆள் உயரம் மிச்சம் இருந்தது. பிறகு பட்டணத்துப் பள்ளிக்குப் போய், உங்களுக்கே வெற்றி என்று அறிவித்துவிடுகிறோம், கோப்பையை வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள் என்றார். அந்த அணியின் தலைவி ஒரு பூனைக்கண்ணி. எதிரி என்று பார்த்தால் எதிரிதான், இறுதி ஆட்டத்தில் நெட்டையின் மூக்கிலேயே பந்தை அடித்தவள். அவள் சனிக்கிழமைதோறும் தன் ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து, வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். மற்ற நாட்களில் அவர்கள் பக்கத்தையும் இந்த ஊர்ப் பெண்களே பார்த்துக்கொண்டார்கள்.

"பந்து மேல இருக்கறப்ப நாங்க எப்படி சார் ஜெயிச்சோம்?" என்று கேட்டாள் பூனைக்கண்ணி.

"நான் சொல்றேன்ல."

"நீங்க சொன்னா அது உங்க வெற்றி சார். எங்களுக்கு எங்களோடது போதும்."

அத்தை வாராவாரம் போன் செய்தாள். ஆட்டம் முடிந்ததா என்று கேட்பாள். முடியவில்லை என்பார் கொத்தனார். அத்தை முதலில் அழுதாள், அப்புறம் திட்டினாள். குழந்தைகள் குப்புற விழுந்தன, தவழ்ந்தன. கோடைக்குப் பிறகு புது வகுப்புகள் தொடங்கின. நெட்டை பத்தாம் வகுப்புப் பரீட்சையை எழுதித் தேறிவிட்டாள், ஆட்டம்தான் முடியவில்லை. சொன்ன வாக்கு இரண்டு பக்கமும் இழுக்க, கொத்தனாருக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. தங்கைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆட்டம் முடிய வேண்டும். ஆட்டம் முடியாமல் மகளை இழுத்துப்போனால் மகளுக்குக் கொடுத்த வாக்கு போகும். அந்தச் சமயத்தில்தான் அதிகாரி அவரைத் தேடி வந்தார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரளவுக்கு உயரமாகச் சாரம் கட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை.

கொத்தனார் ஒத்துக்கொண்டார். கோட்டைத் தொடாமல் நான்கு மூலையிலும் கம்பு நட்டு, குறுக்குக் கம்பு போட்டு, கயிற்றை முறுக்கி முறுக்கிக் கட்டினார். ஊரில் யாரும் அவருக்குக் கை கொடுக்கவில்லை, யாரும் அவரைத் தடுக்கவும் இல்லை. நெட்டை மட்டும் தினமும் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து சாரத்தடியில் வைத்துவிட்டு, கோட்டுக்குள் தன் இடத்தில் போய் நிற்பாள். சாரம் பந்துவரை போய்ச் சேர்ந்த அன்று காலை, பள்ளி முழுக்க, பண்ணை முழுக்க, பட்டணத்து அணியும் வந்துவிட்டது. அதிகாரி குடை பிடித்துக்கொண்டு நின்றார். கொத்தனார் தலைப்பாகையை இறுக்கிக் கட்டியபோது நெட்டை கோட்டுக்குள் இருந்தபடியே பேசினாள்.

"அப்பா, ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நீங்க அதைத் தட்டிவிட்டா நான் தரையில விழ விடமாட்டேன். திரும்ப மேல அடிப்பேன்."

"நான் திரும்ப ஏறுவேன்."

"ஏறுங்க. நான் இங்கதான் இருப்பேன்."

"எத்தனை தடவைடி அடிப்ப?"

"நீங்க எத்தனை தடவை ஏறுவீங்களோ அத்தனை தடவை."

அவள் குரலை உயர்த்தவில்லை. கொத்தனார் அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏறத் தொடங்கினார். ஏற ஏறப் பள்ளிக்கூடத்து ஓடுகள் தெரிந்தன, அவர் பூசிய சுவர்கள் தெரிந்தன, பண்ணையின் தகரக் கூரைகளும் பட்டணத்துக்குப் போகிற ரோடும் தெரிந்தன. உச்சிப் பலகையில் நின்று கையை நீட்டினார். பந்து எதிலும் மாட்டிக்கொண்டிருக்கவில்லை, எதிலும் தொங்கவும் இல்லை. அது சுழன்றுகொண்டிருந்தது. கீழேயிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியாத அளவுக்கு வேகமாக, நெட்டை அடித்த அன்றைக்கு எப்படிச் சுழன்றிருக்குமோ அப்படியே சுழன்றுகொண்டிருந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். முழங்கைவரை அதிர்ந்தது. அந்தக் கைகள் கல் சுமந்தவை, அம்மி போன்ற கருங்கல்லை உடைத்தவை. இப்படி ஒரு அடியை அவை எங்கும் வாங்கியதில்லை. இதை அடித்தது ஒரு பதினைந்து வயதுப் பெண், அதுவும் தன் வீட்டில் வளர்ந்தவள் என்று அவர் நினைத்தாரா என்று யாருக்கும் தெரியாது. கையை எடுக்காமல் ரொம்ப நேரம் நின்றார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். கீழே நெட்டை முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் சேர்த்து, அண்ணாந்து காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் அம்மாவும் அப்படியே.

அவர் இறங்கி வந்தார். கைகளைத் துண்டில் துடைத்தார்.

"கை எட்டல" என்றார்.

அதிகாரி குடையை மடக்கினார். "தொட்டீங்களே. நான் பார்த்தேன். ஊரே பார்த்துது."

"எட்டலைன்னு சொல்றேன்ல. நான் பொய் சொல்லமாட்டேன்னு இந்த ஊருக்கே தெரியும்."

அதிகாரி ஊரைப் பார்த்தார். ஊர், ஆமாம் அவர் பொய் சொல்லமாட்டார் என்று தலையாட்டியது. பூனைக்கண்ணி எல்லோரையும்விடப் பலமாக ஆட்டினாள். கறார் கையில் விசிலை எடுத்து, துடைத்து, திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். கொத்தனார் அன்று சாயங்காலமே சாரத்தை அவிழ்க்கத் தொடங்கினார். இந்த முறை கயிறு அவிழ்க்க ஏகப்பட்ட கைகள் வந்தன. அத்தையின் போன் வந்தபோது அவர் கம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "முடியலம்மா" என்றார். "முடியிற மாதிரியும் தெரியல. நீ வேற ஆளைப் பாத்துக்க." அத்தை அப்புறம் ஒரு வருஷம் பேசவில்லை. குழந்தைகள் பேசத் தொடங்கியதும் அவளாகவே பேசினாள்.

கம்பெனி வேறெங்கோ இடம் பார்த்துக்கொண்டது. அதிகாரி பதவி உயர்வு பெற்று மாற்றலாகிப் போனார், போகிற அன்று காரை நிறுத்தி இறங்கி ஒருமுறை மேலே பார்த்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். நெட்டை மேல்வகுப்பைப் பட்டணத்தில் பூனைக்கண்ணியின் பள்ளியிலேயே படித்தாள். வாரம் முழுக்க ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் சனிக்கிழமை வலைக்கு எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள். இப்போது அவள் சரக்கு ரயில் ஓட்டுகிறாள். பண்ணைப் பெண்கள் சொந்தமாக ஒரு அணி சேர்த்தார்கள், மாவட்ட அளவில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை ஜெயித்தார்கள். கறார் ஓய்வு பெற்றார், நடுவர் நாற்காலியிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை. பள்ளி மேல்நிலைப் பள்ளியாயிற்று, மைதானத்தைச் சுற்றி மரங்கள் வளர்ந்தன. பந்தின் தோல் வெயிலில் வெளுத்தது. மழைக்காலத்தில் அதன்மேல் விழுகிற தண்ணீர் சுழற்சியில் சிதறி, கோட்டுக்குள் நிற்பவர்களை மட்டும் நனைக்காது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் கழிப்பறை எங்கே, குடிதண்ணீர் எங்கே என்று காட்டும்போதே, கோட்டில் அவர்கள் முறை எப்போது என்பதையும் சொல்லிவிடுவார்கள்.

போன பருவத்தில் ஒரு விளையாட்டு ஆசிரியர் மாற்றலாகி வந்தார். வெளியூர்க்காரர். கையில் பெட்டி, தோளில் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி மைதானத்தின் குறுக்கே வந்தவர், பிள்ளைகள் நிற்பதைப் பார்த்து நின்றார். அவர்கள் பார்வை போன திசையில் அவரும் பார்த்தார்.

"எந்தப் பக்கத்து சர்வீஸ்?" என்று கேட்டார்.

"எங்களோடது சார்."

"ஸ்கோர்?"

"பதிமூணு, பதினாலு சார்."

"அப்போ பின்வரிசையில ஒரு எடம் ஏன் காலியா கெடக்கு?"

அந்த இடத்துப் பிள்ளை தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறது என்றார்கள். ஆசிரியர் பெட்டியைக் கோட்டுக்கு வெளியே வைத்தார், செருப்பைக் கழற்றினார், கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு அந்த இடத்தில் போய்க் குனிந்து நின்றார்.