சாக்குக்குள் கை விடாத செட்

ஊட்டிப் பக்கம் எமரால்டிலிருந்து மேலே ஏறுகிற சாலையில், மூன்றாவது வளைவில் கூட்டுறவு ஃபேக்டரிக்குத் தேயிலை எடை போட்டு வாங்குகிற செட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் கொண்டுவருகிற சாக்குக்குள் யாரும் கை விடக் கூடாது. சாக்கின் வாயைத் திறந்து பார்க்கலாம், தராசில் தூக்கி வைக்கலாம், அவ்வளவுதான். அதைத் தாண்டினால் அவமானம்.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே வீரம்மாதான். அவளுக்கு அது சும்மா வந்த ரோஷம் இல்லை. பத்தொன்பது வயதில் எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தபோது, எடை போடுகிற கணக்கன் அவள் சாக்குக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவி, ஒரு பிடி இலையை உருவி எல்லோர் முன்னாலும் கீழே வீசி, "தண்ணி தெளிச்சிருக்கா" என்று இரண்டு கிலோ கழித்தான். பனி ஈரம் அது. அவள் சொன்னதை யார் கேட்டது! அதனால்தான், ஆளுக்கு அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் வைத்திருந்த நாற்பது குடும்பங்கள் சேர்ந்து சொந்தமாகக் கூட்டுறவு ஃபேக்டரி கட்டியபோது முதல் கூட்டத்திலேயே எழுந்து நின்றாள். "நம்ம சாக்குல நம்மளே கை விட்டுப் பாத்தா, அவனுக்கும் நமக்கும் என்னங்க வித்தியாசம்?" கூட்டம் கைதட்டித் தீர்த்தது.

பன்னிரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு தேயிலை விலை விழுந்தது. விழுந்தது என்றால் அப்படி இப்படி இல்லை. கிலோ பதினைந்து ரூபாய்க்குப் போன பச்சை இலை நாலு ரூபாய்க்கு வந்து நின்றது. அந்த நாலு ரூபாயும் ஃபேக்டரியிலிருந்து மாதம் கழித்துத்தான் வரும். இந்த நேரம் பார்த்து வளைவுக்குக் கீழே பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான் தங்கவேலு. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், தனியார் ஃபேக்டரிக்கு ஏஜெண்டு. நல்ல கொழுந்தாக இருந்தால் அங்கேயே, அப்போதே கையில் காசு. ஊர் இரண்டாகப் பிரிந்தது. சேர்ந்து விற்றால்தான் பிழைப்போம் என்றது ஒரு பாதி. அவனவன் இலை, அவனவன் இஷ்டம் என்றது மறு பாதி.

ஏஜெண்டு பக்கம் வெளிப்படையாகப் போன முதல் ஆள் தெய்வம்மா. வீரம்மாவுக்கு ஆறு வயது இளையவள், பக்கத்துத் தோட்டக்காரி. இருவரும் மாறி மாறி ஒருத்தி தோட்டத்தில் மற்றவள் இலை எடுப்பார்கள். இன்று உனக்கு, நாளை எனக்கு. புருஷனுக்கு ஈரல் கெட்டு ஊட்டி ஆஸ்பத்திரியில் படுத்தபோது, தெய்வம்மா செட்டுக்கு வந்து நேராகவே சொன்னாள்: "அக்கா, எனக்கு அன்னன்னிக்குக் காசு வேணும். நான் இனிமே கீழ வண்டியிலதான் போடப்போறேன். மறைச்சுப் பண்ண இஷ்டமில்ல, அதான் சொல்லிட்டுப் போறேன்."

வீரம்மா அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. துரோகி என்பது அதில் மிகவும் மரியாதையான வார்த்தை. அதோடு விட்டாளா? இனி தெய்வம்மா தோட்டத்துக்கு யாரும் மாற்று ஆளாக இலை எடுக்கப் போகக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தாள். அவள் சொன்னால் ஊரில் எடுபடும். தனி ஆளாக எவ்வளவு இலை கிள்ள முடியும்? தெய்வம்மா செடி வெட்டுகிற கத்தரியை எடுத்தாள். கத்தரி போட்டால் கொழுந்தோடு முத்தின இலை, குச்சி எல்லாம் சேர்ந்து விழும். அதைச் சாக்கிட்டு தங்கவேலு விலையைக் குறைத்தான். எதிரெதிரே நடந்தாலும் இருவரும் முகம் பார்ப்பதில்லை. நான்கு மாதம் இப்படியே ஓடியது.

சரி, இவ்வளவு நியாயம் பேசிய வீரம்மாவின் யோக்கியதை என்ன என்று கேட்பீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். மகள் நர்சிங் சேர்ந்தாள். வெலிங்டனில் வாட்ச்மேனாக இருந்த புருஷன் அனுப்புவது போதவில்லை. ஒரு வியாழக்கிழமை காலையில், ஆள் வருவதற்கு முன்னால், நல்ல கொழுந்தாக ஒரு சாக்கு தங்கவேலு வண்டியில் ஏறியது. அவன் தோள்வரை கை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, இத்தன நாளா இந்த எலைய எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று சிரித்தான். வீரம்மாவுக்குக் கூச்சத்தில் உடம்பே குறுகிப்போனது. ஆனாலும் அடுத்த வியாழனும் போனாள்.

மிச்சமிருந்த முத்தல் இலை கூட்டுறவு செட்டுக்கு வந்தது. மேலே நான்கு விரல் உயரத்துக்கு இளங்கொழுந்து, அடியில் அவளும் கத்தரி போட்டு வெட்டிய சரக்கு. யார் பார்க்கப்போகிறார்கள்? உறுப்பினர் இலையை வேண்டாம் என்று சொல்ல ஃபேக்டரிக்கு அதிகாரம் இல்லை, சாக்குக்குள் கை விட வழக்கமும் இல்லை. 'நாற்பது பேர் இலையில் என் ஒரு சாக்கு என்ன செய்துவிடும்' என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் செட்டிலேயே கூட்டம். கூட்டுறவுத் தலைவர் சிவகுரு முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். ஃபேக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிக்கிற டீ மேக்கர் லோயிஸ் ஒரு தட்டில் தூளைக் கொட்டி எல்லோரிடமும் நீட்டினார். பழுப்பாக, நாரும் குச்சியுமாக இருந்தது.

"மூணு வாரமா ஏலத்துல நம்ம தூளைத் தொட ஆளில்ல," என்றார் லோயிஸ். "மெஷின் நல்லாத்தான் ஓடுது. இலைதான் சரியில்ல. இப்படியே போனா அடுத்த மாசம் பாய்லரை அணைச்சிட வேண்டியதுதான். ஓட்டறதா, மூடறதான்னு இன்னைக்கே முடிவு பண்ணுங்க."

மூடினால் தங்கவேலு வைத்ததுதான் விலை. அது அங்கிருந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யார் தலையிலாவது பழியைப் போட வேண்டுமே! ஓரமாக நின்றிருந்த தெய்வம்மா கண்ணில் பட்டாள். உறுப்பினர் பட்டியலிலிருந்து தன் பேரை எடுக்கக் கையெழுத்துப் போட வந்தவள் அவள்.

"எல்லாம் இவ ஆரம்பிச்சு வெச்ச வேலை," என்றது ஒரு குரல். "கத்தரி போட்டு ஊரையே கெடுத்தவ!" என்றது இன்னொன்று. சிவகுரு திரும்பினார். "வீரம்மா, நீங்க சொல்லுங்க. உங்க பேச்சுக்கு இங்க மறுபேச்சு கிடையாது."

வீரம்மா வாயைத் திறப்பதற்குள் தெய்வம்மா பேசிவிட்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

"நாலு மாசமா நான் இங்க ஒத்த இலை போடலீங்களே. அப்பறம் யார் இலை கெடுத்துச்சு?"

வீரம்மா சுற்றிலும் பார்த்தாள். ஒவ்வொருவரும் தரையைப் பார்த்தார்கள். எதிரில் காலையில் வந்த சாக்குகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் வாயிலும் அவரவர் வீட்டு அடையாளத் துணி. சிவகுரு காலால் தன் சாக்கை மெல்லப் பின்னுக்குத் தள்ளுவதையும் பார்த்தாள். அடப்பாவி மனுஷா, நீருமா! அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. அவள் ஒருத்தி செய்தது இல்லை இது. செட்டுக்கு இலை போடுகிற ஒவ்வொரு வீட்டிலும் 'என் ஒரு சாக்கு' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பேசாமல் இருந்துவிடலாம். தெய்வம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவாள், பழியும் அவளோடு போய்விடும். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனவள். இவள் சொல்லாமல் போனவள். வீரம்மாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பச்சைத் துணி கட்டிய தன் சாக்கைத் தரதரவென்று நடுவில் இழுத்துவந்தாள்.

"தெய்வா, இதுல கை விடு."

"வேண்டாங்க்கா," என்று தெய்வம்மா ஒரு அடி பின்வாங்கினாள். "நம்ம செட்ல அந்த வழக்கம் இல்ல."

அந்த 'நம்ம' வீரம்மாவைச் சுட்டது. நான்கு மாதம் ஒதுக்கி வைக்கப்பட்டவள் காப்பாற்றுகிற மரியாதை இது! சாக்கின் அடியைப் பிடித்து அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தாள். முதலில் ஒரு கூடைக் கொழுந்து விழுந்தது. பிறகு முத்தலும் குச்சியுமாகக் குவிந்தது.

"நல்லது கீழ வண்டிக்குப் போச்சு. இது இங்க வந்துச்சு. கெடுத்தது நான்தான்," என்றாள் வீரம்மா. "வழக்கம் கொண்டாந்ததும் நான், அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டதும் நான். நாளையிலேருந்து ஒவ்வொரு சாக்குலயும் கை விட்டுப் பாக்கணும். ஆகாத இலையத் திருப்பி அனுப்பணும். எடை போட தெய்வம்மாவ வையுங்க, வாரக்கூலி குடுங்க. இங்க பொய் சொல்லாத ஆளு அவ ஒருத்திதான்."

சலசலப்பு எழுந்தது. "நம்ம சாக்குல நம்மளே கை விடறதா?" என்று கத்தியவர்களும் உண்டு. இரண்டு பேர் சாக்கைத் தூக்கிக்கொண்டு நேராகக் கீழே பிக்கப்புக்கே போனார்கள். கை தூக்கச் சொன்னபோது, இந்தப் புது வழக்கத்தோடு ஃபேக்டரியை ஓட்டலாம் என்றவர்கள் மூன்று பேர்தான் அதிகம். சிவகுரு கடைசியாகத் தூக்கினார். தெய்வம்மா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "ஊட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் காலையில் தராசுக்குப் பக்கத்தில் தெய்வம்மா நின்றிருந்தாள். வரிசையில் முதல் ஆள் வீரம்மா. கத்தரி படாத இலை, விடியலிலிருந்து கையாலேயே கிள்ளியது. தெய்வம்மா வளையலை மேலே ஏற்றிக்கொண்டு சாக்குக்குள் தோள்வரை கையை விட்டாள். பத்தொன்பது வயதில் பட்ட அவமானம் வீரம்மாவுக்கு நினைவு வந்தது. வரிசையே பார்த்துக்கொண்டிருந்தது.

தெய்வம்மா ஒரு பிடியை எடுத்து விரித்துப் பார்த்தாள். கீழே வீசவில்லை, திரும்பவும் சாக்கிலேயே போட்டாள்.

"இலை நல்லாருக்குங்க்கா. பனி ஈரம் இருக்கு. ஒரு கிலோ கழிக்கிறேன்."

வீரம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு முழுதாகப் பார்த்தது அப்போதுதான். கண்ணுக்குக் கீழே கருத்து, மெலிந்துபோயிருந்தாள்.

"கழிச்சுக்கோ," என்றாள். சாக்கை நகர்த்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மத்தியானம் உன் தோட்டத்துக்கு வரட்டுமா?" என்று கேட்டாள்.

தெய்வம்மா அடுத்த சாக்கின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வாங்க," என்றாள். "கத்தரி எடுத்துட்டு வராதீங்க."