காகம் எடுக்காத இலை

ஐயர் பூசையை முடித்துக்கொண்டு படியிறங்கிப் போய் வெகு நேரமாகிவிட்டது. மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில் விரித்த வாழையிலை வைத்தது வைத்தபடியே கிடந்தது. சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், உளுந்து வடை, பாயசம், ஒரு கீற்று மாம்பழம். எல்லாம் நாகேந்திரத்துக்குப் பிடித்தவை. அவர் இறந்து வருடம் திரும்பி, இன்று ஆட்டைத் திவசம். அவருடைய பங்கில் காகம் ஒரு வாயாவது எடுத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம்.

வெள்ளவத்தையில் காகத்துக்கா பஞ்சம்? ரயில் பாதை ஓரம், மீன் சந்தை, காலி வீதி மின்கம்பிகள், எங்கே பார்த்தாலும் காகம்தான். இந்த ஒரு கூரைக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

"கா... கா..." என்று அன்னபாக்கியம் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடியே கூப்பிட்டார். நாகேந்திரத்தின் மனைவி. கட்டடத்தின் மேல்மாடியும் இந்த மொட்டை மாடியும் அவருடைய பெயரில் இருக்கின்றன. குரல் கம்மிப் போயிருந்தது. சீனி வருத்தக்காரி, நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவர், விடியப் பச்சைத் தண்ணீர் குடித்ததோடு சரி.

படிக்கட்டுக் கதவடியில் தனுஷியா நின்றாள். இரண்டாம் மாடியில் குடியிருப்பவள், உயிரியல் ரியூசன் ரீச்சர். இலைக்கு அப்பால், மாடியின் மற்றப் பாதியில் வரிசையாக நின்ற நீலப் பீப்பாய்களும் அவற்றில் வளர்ந்த கொய்யா, மாதுளை, தேசி, ஒட்டுமாமரங்களும் அவளுடையவை. அவற்றை மூடியிருந்த வெள்ளை வலையும் அவளுடையதுதான்.

ரொறொன்ரோவிலிருந்து திவசத்துக்காக வந்திருந்த அன்னபாக்கியத்தின் மகன் ஜனா அவளருகில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, நான் நேர சொல்லுறன். இண்டைக்குக் காகம் எடுக்காட்டி, நாளைக்கு உங்கட பீப்பா ஒண்டும் இஞ்ச இருக்காது. லொறிக்கும் சொல்லிப்போட்டன்."

"ஜனா, வலைக்கும் இதுக்கும்..."

"வலை போட்டாப் பிறகுதானே வராமல் விட்டது? அது மட்டும் எனக்குத் தெரியும்."

அவன் சொன்னதில் பாதி சரி. அதுதான் தனுஷியாவின் சங்கடம்.

பீப்பாய்க்குள் ஒரு மரத்தை வளர்ப்பது தரையில் வளர்ப்பது போலல்ல. தரையில் வேர் சூட்டுக்குப் பயந்தால் ஆழத்துக்கு ஓடித் தப்பும். பீப்பாயில் ஓட இடமில்லை. கொழும்பு வெயிலில் மேல்மண் சுட்டு, நீர் ஆவியாகி, மண்ணில் உயிரோடிருக்கும் எல்லாம் வெந்து போகும். அதனால் தனுஷியா ஒவ்வொரு மரத்தின் காலடியிலும் ஒரு குட்டைக் கொடியைப் படர விட்டிருந்தாள். நிலக்கடலைக்குச் சொந்தம், ஆனால் கடலை தராது. மஞ்சள் பூ மட்டும் பூக்கும். வீதி நடுத்திட்டில் மாநகர சபைத் தோட்டக்காரர் கத்தரித்துக்கொண்டிருந்தபோது சிங்களத்தில் கெஞ்சி ஒரு பிடி வாங்கி வந்தது. வைக்கோலைப் பரப்பினாலும் மண் மூடும்தான், ஆனால் வைக்கோல் உக்கித் தீர்ந்துவிடும். இது உயிருள்ள மூடாக்கு. தன் நிழலால் மண்ணைக் குளிர வைக்கும். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும், அவற்றுக்குள் குடியிருக்கும் பக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்கும். மரம் மேலே, கொடி கீழே. ஒன்றுக்கொன்று தொந்தரவில்லாத குடித்தனம்.

இதோடு நின்றிருந்தால் ஒரு வில்லங்கமும் வந்திராது. மரங்கள் காய்க்கத் தொடங்கியதும் தனுஷியாவுக்கு ஆசை கூடிவிட்டது. மீன் சந்தையில் தலையும் குடலும் வாங்கி, அதே நிறைக்குச் சக்கரை கலந்து, வாளியில் மூடி வைத்தாள். சக்கரை மீனிலிருக்கும் நீரை இழுத்தெடுக்கும், நுண்ணுயிர்கள் மிச்ச வேலையைப் பார்க்கும். நன்றாக முற்றிய பிறகு திறந்தால் புளித்த பழ வாசம்தான் வரும், மீன் வாசமே இராது. கொய்யா பூத்துவிட்டதே என்ற அவசரத்தில் அவள் முற்றுவதற்கு முன்பே வடித்து ஊற்றினாள்.

"உன்ர மரங்களுக்கு மீன்குழம்பு வைச்சாச்சோ?" என்று கணவன் வினோதன் மூக்கைப் பொத்தினான். "எங்களுக்குத்தான் சொதி."

அந்த மணம் காகங்களுக்கு அழைப்பிதழ். அவை கூட்டமாக வந்து, மீன் எங்கே என்று கொடியைக் கொத்திப் பிடுங்கின, வந்த கையோடு கொய்யாவையும் ருசி பார்த்தன. இரவில் வௌவால் வேறு. ஆகவே வலை வேண்டியதாயிற்று.

பழமரத்து வலைக்கு ஓர் இலக்கணம் உண்டு. கண் சிறிதாக இருக்க வேண்டும், நிறம் வெள்ளையாக, பறவைக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக மேளத்தோல் போல இறுக்கி இழுத்துக் கட்ட வேண்டும். இறுகிய வலையில் மோதும் பறவை பட்டுத் தெறித்துப் பறந்துவிடும். தொய்ந்த வலை பறவையைச் சுற்றிக்கொள்ளும். இதெல்லாம் தனுஷியாவுக்கு மனப்பாடம். மூன்று பக்கமும் மேலும் அப்படியே கட்டினாள். கடல் பக்கத்துக்கு வலை போதவில்லை. கடையில் வர இரண்டு கிழமையாகும் என்றார்கள். வினோதனுக்கு வேலை கொட்டாஞ்சேனையில். அங்கிருந்து முகத்துவாரம் எட்டிப் பிடிக்கும் தூரம், மீனவர் கழித்த பழைய வலை சும்மா மாதிரி கிடைக்கும். "வலை வலைதானே" என்று ஒரு சுருள் வாங்கி வந்தான்.

வலை வலையல்ல. மீன் வலை எதையும் தடுப்பதற்குப் பின்னியதல்ல, பிடிப்பதற்குப் பின்னியது. மீனின் கண்ணுக்குத் தெரியாதிருக்க நூல் மெல்லியது. தலை நுழையவும் பின்வாங்க முடியாமல் சிக்கவும் தக்கதாக வலைக்கண் அளந்து பின்னியது. இரண்டு கிழமைக்குத்தானே என்று தனுஷியாவும் கட்டிவிட்டாள்.

ஒரு பின்னேரம் அவள் வகுப்பில் நிற்கும்போது கட்டடக் காவலாளி சுடலைமுத்து அவளுக்குப் போன் எடுத்தார்.

"மிஸ், வலையில ஒரு காக்கா மாட்டிக்கிச்சுங்க. கிட்ட போகலாம்னா மத்ததெல்லாம் தலையிலயே கொத்த வருதுங்க."

அவள் ஓட்டோ பிடித்து வந்து, கத்தரிக்கோலால் நூல் நூலாக வெட்டினாள். சிறகிலும் கழுத்திலும் இறுகியிருந்தது. கடைசி நூலை வெட்டும்போது அது அவள் கையிலேயே அடங்கிப் போயிற்று. தலைக்கு மேல் வானம் கறுத்து, ஊர்க் காகமெல்லாம் சுழன்று கத்தின. செத்த காகத்தை இரண்டு கைகளிலும் ஏந்தி, அவள் மாடி முழுவதும் நடந்து படியிறங்கினாள். மீன் வலையை அன்றே அறுத்து எறிந்துவிட்டாள். ஆனால் அன்று போன காகங்கள் திரும்பவில்லை.

இப்போது அவள் மிச்சமிருந்த வெள்ளை வலையின் முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினாள். வினோதனும் வந்து கை கொடுத்தான். வலை சுருண்டு தரைக்கு வந்தது. பழுக்கப் போகும் கொய்யாக்கள் வெறுமையாக நின்றன.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தாங்கியில் நாலைந்து காகங்கள் இருந்தன. இந்தப் பக்கம் பார்த்துக் கரகரவென்று கத்தின. ஒன்றும் எழும்பவில்லை.

"இவர் என்னோட கோவம்," அன்னபாக்கியம் மெல்லச் சொன்னார். "எனக்குத் தெரியும்."

"அம்மா, சும்மா இருங்கோ," என்றான் ஜனா.

"ஆஸ்பத்திரியில கடைசியா ஐஸ்கிறீம் கேட்டவர். சீனி ஏறிப்போம் எண்டு நான் குடுக்கேல்லை. ஏறினா என்ன? அடுத்த நாள் போயிட்டார்." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "கேட்டதைக் குடுக்காதவளின்ர சோத்தை ஏன் தொடுவார்?"

வினோதன் யாரும் சொல்லாமலே கீழே ஓடி, வனிலா ஐஸ்கிறீம் ஒரு கப் வாங்கி வந்து இலையில் கவிழ்த்தான். அது உருகிச் சோற்றோடு கலந்து, பாயசத்தைச் சுற்றிக்கொண்டு சுவரில் வழிந்தது. எறும்பு வந்தது. காகம் வரவில்லை.

"பாத்தியே," என்றார் அன்னபாக்கியம். "மூஞ்சையைத் திருப்பிக்கொண்டு இருக்கிறார், அந்தத் தாங்கியில."

தனுஷியா அந்தத் தாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தால் கத்தல் குறைந்தது. மரத்தடிக்கு வந்தால் கூடியது. மறுபடி நகர்ந்து பார்த்தாள். சந்தேகமேயில்லை. காகம் முகம் மறக்காது. செத்த காகத்தோடு நின்ற ஆளை எத்தனை பேருக்கு நடுவிலும் அடையாளம் காணும். பார்த்தது மற்றவற்றுக்குச் சொல்லும், குஞ்சுகளுக்கும் பழக்கும். இதை வகுப்பில் எத்தனை தடவை கண் விரியச் சொல்லியிருப்பாள். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள்.

சொல்லாமலும் இருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளால் ஊகிக்க முடிந்தது. ஆனால் ஒரு மனுசி வெறும் வயிற்றோடு, தன் புருசன் தன்னோடு கோபம் என்று நம்பிக்கொண்டு இருக்கிறாள்.

தனுஷியா அன்னபாக்கியத்தின் கதிரையடியில் முழங்காலில் இருந்தாள்.

"அன்ரி, அங்கிள் உங்களோட கோவமில்லை. காகங்களுக்கு என்னோடதான் கோவம்."

"உன்னோட என்னத்துக்கு?"

"போன மாசம் வலையில ஒண்டு செத்ததெல்லே. நான்தான் கையில தூக்கிக்கொண்டு போனனான். அதுகள் என்ர முகத்தைப் பாத்து வைச்சிருக்குதுகள். நான் நிக்கிற இடத்துக்கு வராதுகள்."

அன்னபாக்கியம் அவள் முகத்தைக் கையால் நிமிர்த்திப் பார்த்தார், காகங்கள் கண்டது என்னவென்று தேடுவது போல.

"காகத்துக்கு அவ்வளவு ஞாபகமே?"

"ஓம் அன்ரி."

"எவ்வளவு காலத்துக்கு?"

"வருசக்கணக்கா."

ஜனா சிரித்தான். "அக்கா, மரத்தைக் காப்பாத்த இப்பிடி ஒரு கதையோ?"

"நான் கீழ போறன்," தனுஷியா எழும்பினாள். "நீங்களே பாருங்கோ."

இரண்டாம் மாடியில் தன் சமையலறையில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். வரட்டும் என்று ஒரு மனம் வேண்டியது. வந்தால் தான் சொன்னது உண்மையாகிவிடுமே என்று இன்னொரு மனம் ஒடுங்கியது. மின்விசிறி சுற்றியது. பக்கத்து வீட்டில் யாரோ குக்கரை இறக்கினார்கள்.

வினோதன் மூச்சிரைக்க வந்தான்.

"எடுத்திட்டுது! நீ இறங்கிக் கொஞ்ச நேரம்தான். முதல் ஒண்டு வந்து வடையைத் தூக்கினது, பிறகு எல்லாம் இறங்கிட்டுது. ஐஸ்கிறீமைக் கூட விடேல்லை. அன்ரி அழுது சிரிச்சு, இப்பதான் சாப்பிடுறா."

"அப்ப நான் சொன்னது சரி."

"நூற்றுக்கு நூறு," என்றவன் அவள் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டான்.

பின்னேரம் அன்னபாக்கியமே இறங்கி வந்தார். கையில் ஒரு தட்டில் வடை. முகம் தெளிந்திருந்தது.

"பிள்ளை, நீ சொன்னபடியால என்ர நெஞ்சு ஆறிச்சு. ஜனாட்டச் சொல்லிப்போட்டன், லொறியும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். உன்ர மரம் அங்கயே நிக்கட்டும்."

"நன்றி அன்ரி."

"ஆனா..." அவர் தட்டை மேசையில் வைத்தார். "நீ மேல வராத பிள்ளை. கோவிக்காத. மாசாமாசம் அவருக்கு விரதம் இருக்கிறன். சனிக்கிழமையும் காகத்துக்குச் சோறு வைக்கவேணும். நீ வந்து போனா அதுகள் திரும்பவும்... வருசக்கணக்கா எண்டு நீதானே சொன்னனி?"

தொப்பி போடலாம், முகத்தை மூடலாம் என்று சொல்லத் தனுஷியா நினைத்தாள். நடையையும் உருவத்தையும் வைத்தும் பிடித்துவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். அன்னபாக்கியம் எதிர்த்துக் கேட்கவுமில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. அவள் விளக்கியதை ஒரு எழுத்துக் குறையாமல் நம்பியிருந்தார்.

"சுடலைமுத்துட்டச் சொல்லிப்போட்டன். அவன் தண்ணி விடுவான், நல்ல மனுசன்," என்று சொல்லிவிட்டு அன்னபாக்கியம் படியேறிப் போனார்.

"நான் போய்ப் பாக்கிறன்," என்றான் வினோதன். அவன் கொட்டாஞ்சேனைக்கு விடியப் போனால் திரும்பி வர விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். அது இருவருக்கும் தெரியும்.

அடுத்த நாள் வெயில் உச்சிக்கு ஏறிய நேரம். மொட்டை மாடியிலிருந்து மழைநீர் இறங்கும் பிவிசி குழாய் தனுஷியாவின் சமையலறை ஜன்னலோரமாகத்தான் போகிறது. வானத்தில் ஒரு முகிலில்லை, குழாய்க்குள் சளசளவென்று சத்தம் கேட்டது. அவள் ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். குழாயின் பொருத்தில் கசிந்த நீர் தேயிலைச் சாயம் போலச் சிவந்திருந்தது. மண்ணிலிருந்து உரம் கரைந்து போகிறது. பீப்பாய் நிரம்பினால் வேருக்குக் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் வேர் அழுகும்; கொய்யா இலை மஞ்சளாகிக் காட்டும்போது காலம் கடந்திருக்கும்.

சுடலைமுத்துவுக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, காணும். நிப்பாட்டுங்கோ. விடியக் கொஞ்சம் விட்டாப் போதும்."

"நீங்க கவலப்படாதீங்க மிஸ்," சுடலைமுத்துவின் குரல் உற்சாகமாக இருந்தது. பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம். "என்னா வெயிலு! நம்ம புள்ளைங்க மாதிரி பாத்துக்கிறேன். பெரியம்மா வேற சொல்லியிருக்காங்க. வயிறு நெறையக் குடிக்கட்டுங்க."

"அண்ணை, அது மண்ணுக்குள்ள காத்து..."

"கேக்கல மிஸ், ஒரே காக்கா சத்தம். இருங்க, அடுத்த வரிசைக்கும் ஊத்திட்டு எடுக்கிறேன்."

போன் துண்டிக்கப்பட்டது. தனுஷியா வாசல் கதவைத் திறந்து, படிக்கட்டின் முதல் படியில் கால் வைத்து, மேலே பார்த்தபடி நின்றாள். பிறகு காலை எடுத்துக்கொண்டாள். ஜன்னலோரம் குழாய் ஓடிக்கொண்டேயிருந்தது.